எல்லாவற்றுக்கும் ஒரே ‘தொண்ணூறு’

“எல்லாம் ஒண்டுதான் சேர். தொண்ணூறு ஊத்தினாச் சரி.”

இந்த ஒற்றை வாக்கியத்தை நம்பியதற்காக நான் கொடுத்த விலை ஒரு கியர் பெட்டி. 2019 ஆம் ஆண்டின் பிற்பகுதியில், மட்டக்களப்பு நகரிலுள்ள ஒயில் கடையொன்றின் வாசலில் நின்றேன். பீப்பாவிலிருந்து குழாயால் இறக்கி, வெற்றுத் தண்ணீர்ப் போத்தல்களில் அளந்து தந்த கரும்பழுப்புத் திரவத்தை எனது பழைய டபுள் கெப்பின் கியர் பெட்டிக்கும், அதற்குப் பின்னாலுள்ள ட்ரான்ஸ்பர் பெட்டிக்கும், முன் பின் டிஃபரன்ஷியல்களுக்கும் வேறுபாடின்றி ஊற்றுவித்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன். “யார் சொன்னது, எதை வைத்துச் சொன்னார்?” என்று பிறரைக் கேட்டுக் கேட்டே சோறு தின்றவன் நான். அன்று கேட்கவில்லை.

அரசியல் படிக்கலாம் என்று இப்பக்கத்துக்கு வரும் வாசகர்கள் பொறுத்தருள்க. இன்று எழுதப்போவது கியர் ஒயிலைப் பற்றி. கலைப்பட்டதாரிக்கு இதில் என்ன வேலை என்று கேட்பீர்களாயின், படிக்கத் தெரிந்தவன் என்ற தகுதி ஒன்றே எனக்குண்டு. இவ்விடயத்தில் அதுவே போதுமானது என்பதுதான் என் வழக்கு.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். ஒயில் மாற்றிச் சில மாதங்களில், இரண்டாம் கியரிலிருந்து மூன்றுக்கு மாற்றும்போது ‘கிரீச்’ என்றொரு சத்தம். கிளச் என்றார்கள், கிளச் தட்டை மாற்றினோம். சத்தம் போகவில்லை. பிறகு மூன்றிலிருந்து இரண்டுக்கு இறங்க மறுத்தது. 2022 இல், எரிபொருளுக்குக் கியூ.ஆர். அட்டையோடு வரிசையில் நின்ற அதே காலத்தில், பெட்டியைக் கழற்ற வேண்டியதாயிற்று. உள்ளேயிருந்த பித்தளை வளையங்கள் தேய்ந்து, வரி வரியாக இருக்க வேண்டிய உட்புறம் கண்ணாடிபோல் வழுவழுத்துக் கிடந்தது. அவ்வாண்டு மார்ச்சில் ரூபாய் மிதக்கவிடப்பட்ட பின்னர், 200 ரூபாயளவில் நின்ற டொலர் 360 ஐத் தொட்டது நினைவிருக்கும். உதிரிப் பாகங்களின் விலையும் அதனோடு ஏறியது. வேறு வாகனம் வாங்கலாமென்றால், 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் பாவனைக்கு 2025 பெப்ரவரியிலேதான் மீண்டும் திறந்தது. அவ்வைந்து வருடங்களும் இந்நாட்டில் ஓடிய பழைய வாகனங்கள் ஒவ்வொன்றும் மாற்றீடில்லாப் பொருள்களாக இருந்தன. அவற்றின் வயிற்றில் எதை ஊற்றுகிறோம் என்பது அப்போதும் எவருக்கும் கேள்வியாகவில்லை.

ஒயில் மட்டுமே காரணம் என்று நான் சத்தியம் செய்யமாட்டேன். எத்தனையோ கை மாறி என்னிடம் வந்த வாகனம் அது. ஆயினும் ரொறன்ரோவிலிருக்கும் என் மைத்துனன், அதே மாதிரியின் ஆங்கிலக் கையேட்டை இணையத்தில் தேடியெடுத்து, “மச்சான், புத்தகத்தில அப்பிடி இல்லையே” என்று அனுப்பிவைத்தபோது எனக்கு நாணமாகத்தான் இருந்தது. கியர் பெட்டிக்கு ஜீ.எல்.-4; டிஃபரன்ஷியலுக்கு ஜீ.எல்.-5. இரண்டு வரிகள். அவ்வளவே.

இவ்வெண்கள் எவை? அமெரிக்கப் பெற்றோலிய நிறுவகம் கியர் ஒயில்களுக்கு வகுத்த தரப்பிரிவுகள். இங்கேதான் நம்மவர் முதற் பிழையைச் செய்கிறார்கள். நான்கைவிட ஐந்து பெரிது. ஆகவே ஐந்து சிறந்தது என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். பரீட்சைப் புள்ளி எண்ணியே வளர்ந்த சமூகம் வேறெப்படி எண்ணும்! உண்மையில் அவை ஏணிப்படிகளல்ல. வெவ்வேறு வேலைகளுக்கான வெவ்வேறு மருந்துகள்.

டிஃபரன்ஷியலினுள்ளே இருப்பவை ஹைபொயிட் எனப்படும் பற்சக்கரங்கள். 1926 இல் அமெரிக்காவின் பக்கார்ட் கார்களில் வந்து, பின் உலகெங்கும் பரவியவை. சிறிய சக்கரத்தின் அச்சு, பெரிய சக்கரத்தின் மையத்துக்குச் சற்றுக் கீழிறங்கி நிற்பதால், பற்கள் ஒன்றன்மேலொன்று உருள்வதோடு பெரும் அழுத்தத்தில் வழுக்கவும் செய்கின்றன. அந்த அழுத்தத்தில் சாதாரண எண்ணெய்ப் படலம் கிழிந்துவிடும். அதனாலேயே கந்தகமும் பொசுபரசும் அடங்கிய சேர்மானங்கள் கலக்கப்படுகின்றன. பற்கள் உராய்ந்து சூடேறும் புள்ளியில் அவை உருக்கோடு வினைபுரிந்து மெல்லியதொரு தியாகப் படலத்தை உண்டாக்கும். தேய்வது படலமாயிருக்கும், பல் தப்பும். ஜீ.எல்.-5 இல் இச்சேர்மானம் ஜீ.எல்.-4 இல் உள்ளதைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு.

கியர் பெட்டியின் கதை வேறு. அங்கே கியர் மாற்றும் கணத்தில், சுழன்றுகொண்டிருக்கும் சக்கரத்தின் கூம்பின் மேல் ஒரு பித்தளை வளையம் போய் உராய்ந்து, இரண்டையும் ஒரே வேகத்துக்குக் கொண்டுவருகிறது. பிறகுதான் பல்லோடு பல் சத்தமின்றிப் பொருந்தும். அதாவது அவ்விடத்தில் உராய்வு வேண்டும். வழுக்கலே வேலையாகக் கொண்ட ஒயிலை அங்கே ஊற்றினால் வளையம் பிடிக்காமல் சறுக்கும். வேகங்கள் ஒன்றாகுமுன் பற்கள் மோதும். நான் கேட்ட ‘கிரீச்’ அதுதான். இதற்குமேல், செப்பும் நாகமும் கலந்த பித்தளையைக் கந்தகச் சேர்மானம் சூட்டில் கறுக்கச் செய்யும் இயல்புடையது. செப்புத் தகட்டை 121 பாகை சூட்டில் மூன்று மணிநேரம் ஒயிலில் அமிழ்த்தி, அது எவ்வளவு கறுக்கிறது என்று பார்க்கும் பரிசோதனையே இதற்காக உண்டு.

இங்கு ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். ‘ஜீ.எல்.-5 பட்டவுடன் பித்தளையை அரித்துத் தின்றுவிடும்’ என்று இணையத்தில் அலறுவோரும் உளர். அது மிகை. இன்றைய சேர்மானங்கள் முன்னையவற்றைவிட அடக்கமானவை. ரொயோட்டா நிறுவனமே தன் ஹைலக்ஸ் வகைகள் சிலவற்றின் கியர் பெட்டிக்கு ‘ஜீ.எல்.-4 அல்லது ஜீ.எல்.-5, 75டபிள்யூ-90’ என்று இரண்டையும் அனுமதித்திருக்கிறது. அந்த வளையங்களை அதற்கேற்பச் செய்தவர்கள் அவர்கள், அனுமதிக்க உரிமையுடையவர்கள். ஆகவே ‘எங்கும் நான்கு’ என்பதும் ‘எங்கும் ஐந்து’ என்பதைப் போன்ற மூடநம்பிக்கையே. டிஃபரன்ஷியலுக்குள் ஜீ.எல்.-4 ஐ ஊற்றிச் சக்கரப் பற்களைத் தின்னக்கொடுத்தவர்களையும் நான் அறிவேன்.

இன்னும் வேடிக்கை லாண்ட் றோவர் டிஃபெண்டர். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின்னர் எழுவான்கரை வீதியெங்கும் வெள்ளை நிற நாற்சக்கர வலு வாகனங்கள் வரிசை வரிசையாக ஓடியதை இவ்வூரவர் மறந்திருக்கமாட்டார்கள். லாண்ட் குறூசரும் டிஃபெண்டரும் ஹைலக்ஸுமாக எத்தனை! நிறுவனங்கள் போய்விட்டன. அப்படியான வாகனங்கள் சில உள்ளூர்க் கைகளுக்கு மாறின. அவற்றோடு வர வேண்டிய புத்தகங்கள் வரவில்லை. பழைய டிஃபெண்டர்களிலிருந்த எல்.ரி.77 என்னும் கியர் பெட்டிக்கு உற்பத்தியாளர் விதித்தது ‘தொண்ணூறு’ அன்று; தானியங்கிக் கியர் பெட்டிகளுக்குரிய மெல்லிய ஏ.ரி.எஃப். திரவம். 1994 முதல் வந்த ஆர்.380 பெட்டிக்குத் தனியாக ஒரு மெல்லிய ஒயில். ஆனால் அதே வாகனத்தில், அதே பெட்டிக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கும் ட்ரான்ஸ்பர் பெட்டிக்குத் தடித்த தொண்ணூறு! ஒரு சாண் இடைவெளியில் இரண்டு விதி. இசுசு தயாரித்த சில ஜீப்புகளின் கியர் பெட்டிக்கோ இயந்திர ஒயிலே விதிக்கப்பட்டிருக்கிறது. இத்தனைக்கும் நடுவே நின்றுகொண்டு “எல்லாம் ஒண்டுதான்” என்று சொல்ல எவ்வளவு துணிவு வேண்டும்!

அடுத்தது தடிப்பு. “நம்மட ஊர் வெக்கைக்குத் தடிச்ச ஒயில்தான் சேர் நிக்கும்” என்பார்கள். பங்குனி, சித்திரை வெயிலில் நின்று கேட்டால் நியாயமாகத்தான் படும். பித்தளை வளையத்தின் உட்புறத்தில் நுண்ணிய வரிகள் வெட்டப்பட்டிருப்பது எதற்காக? கூம்பின் மேல் அழுந்தும் கணத்தில் இடையிலுள்ள ஒயில் அவ்வரிகள் வழியே வழிந்தோடி விலகுவதற்காக. ஒயில் விலகாவிட்டால் வளையம் கூம்பைத் தொடாது, தொடாவிட்டால் பிடிக்காது. 90 விதித்த பெட்டிக்குள் 140 ஐ ஊற்றிவிட்டு, காலையில் கியர் இறுகுகிறது என்று கிளச்சைத் திட்டிப் பயனில்லை.

இதே அறியாமையின் மறுமுகம் ஒன்றுண்டு. அது விலையுயர்ந்தது. 75டபிள்யூ என்ற எழுத்தைக் காட்டி, செயற்கை ஒயில் என்று சொல்லி, வவுணதீவு விவசாயியிடம் பல மடங்கு காசு பறிப்பது. அந்த ‘டபிள்யூ’ குளிர்காலத்தைக் குறிப்பது. 75டபிள்யூ என்பது உறைபனிக்குக் கீழே 40 பாகையிலும், 80டபிள்யூ என்பது 26 பாகையிலும் ஒயில் எவ்வளவு இறுகுகிறது என்பதைப் பார்த்து இடப்படும் எண். ரொறன்ரோவிலோ ஒஸ்லோவிலோ மார்கழிக் காலையில் வாகனத்தை எடுக்கும் வாசகருக்கு அது உயிர்நாடி. மார்கழியில் கூட உறைபனி காணாத மட்டக்களப்புக்கு அந்த எண்ணால் ஆவதொன்றுமில்லை. செயற்கை ஒயிலுக்கு வேறு நற்குணங்கள் உண்டு. நெடுங்காலம் கெடாதிருப்பது அவற்றுளொன்று. ஆனால் கையேடு 80டபிள்யூ-90 ஐயும் அனுமதிக்குமாயின், சாதாரண ஜீ.எல்.-4 ஐ வாங்கி உரிய காலத்தில் மாற்றுவதே இவ்விடத்துக்குப் போதும் என்பது என் கருத்து.

கியர் ஒயிலின் 90, இயந்திர ஒயிலின் 40 ஐ விட இரு மடங்கு தடிப்பு என்று எண்ணுவோருக்கும் ஒரு சொல். இரண்டுக்கும் அளவுகோல் வேறு. 100 பாகை சூட்டில் அளந்தால் இரண்டும் ஏறக்குறைய ஒரே தடிப்புத்தான். நானும் நெடுநாள் ஏமாந்திருந்தேன்.

நிற்க. மொழி பற்றி ஒரு சிறு முறைப்பாடு, தொழிற் பழக்கத்தினால். மசகு என்றால் வண்டிச் சக்கரத்துக்கு இடும் மை, உராய்வைக் குறைப்பது. அச்சொல்லை எடுத்து, நிலத்தடியிலிருந்து வரும் கச்சா எண்ணெய்க்கு ‘மசகு எண்ணெய்’ என்று பெயரிட்டு நமது பத்திரிகைகள் பல்லாண்டுகளாக எழுதிவருகின்றன. நானும் எழுதியிருக்கிறேன். விளைவு, உண்மையான மசகுக்கு நம்மிடம் பெயரில்லை. ‘உராய்வு நீக்கி’ என்று பாடநூல் சொல்கிறது; அதைச் சொல்லிக் கடையில் கேட்டால் பார்வை ஒரு தினுசாக மாறும். பெயரே குழம்பிப்போன பொருளைப் பற்றி எவர் தெளிவாகப் பேசப்போகிறார்?

ஆனால் இது சொல்லோடு முடிகிற குழப்பமன்று. 1987 இன் 13 ஆம் திருத்தத்துக்குப் பின்னர் தமிழ் இந்நாட்டின் அரசகரும மொழிகளுள் ஒன்று. என்றாலும் நான் இங்கு வாங்கிப் பார்த்த எந்தக் கியர் ஒயில் கொள்கலனிலும் ‘இது டிஃபரன்ஷியலுக்கு, இது கியர் பெட்டிக்கு’ என்று ஒரு வரி தமிழில் இருந்ததில்லை. 1994 வரை மசகு எண்ணெய் வணிகம் அரச கையில் இருந்தது. பின்னர் தனியாருக்குப் போனது. அதன் பின்னர் போட்டி வந்தது. இத்துறையைக் கவனிக்கப் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவும் உண்டு. இத்தனை கைகள் மாறியும், அந்த ஒரு வரியை எழுத எவருக்கும் தோன்றவில்லை. கொள்கலனோடு வாங்கினாலாவது ஆங்கில எழுத்துக் கூட்டிப் பார்க்கலாம். பீப்பாவிலிருந்து போத்தலுக்கு இறங்கிய ஒயிலுக்கு ஊரும் இல்லை, பேரும் இல்லை. அதை வாங்காதீர்கள். நூறு இருநூறு ரூபாய் மிச்சம் பிடிக்க எண்ணி, நான் இழந்தது மூன்று மாத வருமானத்துக்கு மேல்.

வெளிநாட்டில் இருக்கும் உறவுகளே, இது உங்களுக்கும்தான். தம்பி உழைக்கட்டும் என்று நீங்கள் அனுப்பிய காசில் வாங்கிய வாகனங்கள் படுவான்கரையில் ஓடுகின்றன. அவை பவிசுக்கு நிற்பவையல்ல. நெல்லும் ஏற்றும், உரமும் ஏற்றும், நள்ளிரவில் நோவெடுத்த பெண்ணைப் பெரியாஸ்பத்திரிக்கும் ஏற்றும். 2014 இல் மண்முனைப் பாலம் திறந்தபின் கொக்கட்டிச்சோலைக்காரர் படகுப் பாதைக்குக் காத்திருப்பதில்லை, உண்மை. ஆனால் பாலத்தைத் தாண்டி, கார்ப்பெட் வீதி முடிந்து, கிரவலும் சேறும் தொடங்குமிடத்தில், இரண்டாம் கியர் விழாத வாகனம் எதற்கு உதவும்? முன்னால் யானை நிற்கும் இரவுகளும் அங்கே உண்டு. வருடா வருடம் புதிய டயருக்குக் காசு அனுப்புகிறீர்கள். கையேட்டை அச்சிட்டு அனுப்பியவர் உங்களில் எத்தனை பேர்? ஜப்பானிலிருந்து வந்த வாகனத்தில் இருப்பது ஜப்பானிய மொழிப் புத்தகம். அதை இங்குள்ளவர் ஆசனத்துக்கடியில் வைத்திருக்கிறார்கள், பத்திரமாக.

வாவிக்கரையில் வாழ்பவர்களுக்கு இதைவிட ஒரு தனிக் கேடும் உண்டு. தண்ணீர். 2011 ஜனவரி வெள்ளத்தையும் 2024 நவம்பர் இறுதி வெள்ளத்தையும் செய்திக்காக நீந்திக் கடந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். ஓடிச் சூடேறிய டிஃபரன்ஷியல் குளிர்ந்த வெள்ளத்துள் இறங்கும்போது உள்ளிருக்கும் காற்றுச் சுருங்குகிறது. அதன் மேலுள்ள மூச்சுக்குழாய் சேற்றால் அடைபட்டிருந்தால், ஒயில் சீலின் ஓரத்தால் தண்ணீரை உள்ளிழுத்துக்கொள்ளும். வாகனம் கரையேறி ஓடும். சாரதி மீசையை முறுக்குவார். ஒரு கிழமை கழித்துத் திறந்தால் உள்ளே ஒயில் இராது. பால் தேத்தண்ணி இருக்கும். 2011 இல், அப்போதிருந்த வாகனத்தின் முன் அச்சில் நான் கண்டது அதைத்தான். வாவித் தண்ணீரில் உப்பும் கலந்திருப்பதால் துரு இன்னும் விரைவாகப் பிடிக்கும். வெள்ளம் கடந்த வாகனத்தை ஓரிரவு நிறுத்திவைத்து, காலையில் வடிக்கும் ஆணியை மெல்லத் தளர்த்திப் பாருங்கள். தண்ணீர் ஒயிலைவிடப் பாரமானது. உள்ளே இருந்தால் முதலில் அதுதான் சொட்டும். கலங்கியிருந்தால் எந்தப் புத்தகத்தின் கிலோமீற்றர்க் கணக்கும் செல்லாது. உடனே மாற்ற வேண்டும். மூச்சுக்குழாயில் ஒரு நீண்ட றப்பர்க் குழாயைச் செருகி இயந்திர அறையின் மேற்பகுதிக்கு ஏற்றிவிட்டால் இத்தொல்லை பெரும்பாலும் தீரும். செலவு சில நூறு ரூபாய்.

கியர் பெட்டியின் வடிக்கும் ஆணியில் காந்தம் இருந்தால், அதில் ஒட்டியிருக்கும் சாம்பல்நிறப் பசையைக் கண்டு பயப்படாதீர்கள். அது இயல்பான தேய்மானம். வடித்த ஒயிலை வெயிலில் சாய்த்துப் பாருங்கள். காந்தத்தில் ஒட்டாத பொன்னிறத் தூள் மினுங்கினால், அதுதான் பித்தளை வளையம் கரைந்து வருவது. 2020 இலேயே இதை யாரேனும் எனக்குக் காட்டியிருந்தால் இக்கட்டுரைக்கு வேலை இருந்திராது.

சென்ற கிழமை படுவான்கரையில், வீட்டு மாமரத்துக்குக் கீழே கராஜ் நடத்தும் ஓர் இளைஞரிடம் மீண்டும் ஒயில் மாற்றப் போயிருந்தேன். பொனெட்டைத் திறந்து, அதன் உட்புறத்தில் வெள்ளைப் பெயின்ரால் நான்கு வரி எழுதித் தந்தார்: கியர் பெட்டி, ட்ரான்ஸ்பர், முன், பின். எதிரே தரமும் தடிப்பும் லீற்றரும், தமிழில். பிறகு வண்டிக்குக் கீழே போனவர், வடிக்கும் ஆணியைத் தொடாமல், முதலில் மேலேயுள்ள ஊற்றும் வாயின் ஆணியில் சாவியைப் பூட்டினார். ஏன் என்று கேட்டேன்.

“கீழ வடிச்சுப்போட்டு மேல கழராட்டி எதால சேர் ஊத்துற?”

அது கழரவில்லை. பழைய ஒயிலோடேயே என்னை வீட்டுக்கு அனுப்பிவிட்டார், மறுநாள் சூடாக்கிக் கழற்றலாம் என்று.